சென்ட்ரலில் ஒரு மேஜை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வெளியே மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் சில நாட்களாகக் கடிதங்கள் வருகின்றன. நடைபாதையை அடைத்துக்கொள்கிறார்கள், அப்புறப்படுத்துங்கள் என்கிறார் ஒருவர். பாவம், கழிப்பறையும் குடிநீரும் செய்து கொடுங்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டாமவர் சொல்வது சரி. ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்து இறங்குகிறவரிடம், அவருடைய பணத்திலும் உழைப்பிலும் கண் வைக்காத ஒருவர், அவருக்குப் புரிகிற பாஷையில் முதலில் பேச வேண்டும். அதற்கு ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போதும். அனுபவத்தில்தான் சொல்கிறேன். 2013 முதல் 2022 வரை கனடாவில், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், இந்த வேலையைத்தான் சம்பளம் வாங்காமல் செய்துவந்தேன்.

நான் தொலைபேசித் துறையில் டிரங்க் கால் போர்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். நடுவில் நாக்பூருக்கு மாற்றலாகிச் சில வருடங்கள் அங்கே இருந்ததில் ஹிந்தி நன்றாகப் பேச வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு மகன் ஸ்பான்சர் செய்து என்னையும் என் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டான். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆளில்லை. பக்கத்துப் பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது என்று போனேன். அங்கேதான் ஒரு மூலையில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு வழி சொல்லும் மேஜை இருந்தது. தமிழும் ஹிந்தியும் தெரிந்த தன்னார்வலர் தேவை என்று எழுதி வைத்திருந்தார்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னார்கள், பயிற்சி கொடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன். வெளிநாட்டில் தன்னார்வலர் என்றால் பெரிதாக ஏதோ நினைப்பார்கள். அன்றாடம் பார்த்தால் மிகச் சாதாரணமான வேலை. 54ஆம் எண் லாரன்ஸ் ஈஸ்ட் பஸ்ஸில் போவேன். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள்.

சென்னையிலிருந்து வந்த சாஃப்ட்வேர் தம்பதி, யாழ்ப்பாணத்திலிருந்து பேரப்பிள்ளைகளிடம் வந்த பாட்டி, பஞ்சாபிலிருந்து வந்த கல்லூரி மாணவன், நைஜீரியாவிலிருந்து வந்த நர்ஸ் என்று யார் வேண்டுமானாலும் வருவார்கள். எல்லாருக்கும் முதல் வாரத்து வேலைகள் ஏறக்குறைய ஒன்றுதான். சர்வீஸ் கனடா அலுவலகத்தில் ஒன்பது இலக்க சமூகக் காப்பீட்டு எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் வேலையில் சேர முடியாது. அப்புறம் வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி, ஒன்டாரியோ மாகாணத்தின் சுகாதார அட்டை. நான் சேர்ந்த காலத்தில் நிரந்தரக் குடியேறிகளுக்கும் அந்த அட்டை மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தரும். அதுவரை தனியாக இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வோம். கோவிட் வந்தபோது, 2020 மார்ச்சில், அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அன்று இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் கார்டை ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு வேறு எந்த பஸ்ஸிலும் ஏறிக்கொள்ளலாம் என்பது போன்ற சின்ன விஷயங்களும் உண்டு. கையில் காசு குறைவாக இருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

குளிர் விஷயம் தனி. டிசம்பரில் டொரன்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வந்த புதிதில் நம் ஊர்ப் பெண்களை இது ஆட்டிவைத்துவிடும். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் தாய், நாலு வயதுப் பையனோடு மேஜைக்கு வந்து அழுதார். அங்கே நாலு வயதிலேயே முழுநாள் பள்ளி உண்டு. பனி கொட்டினாலும் இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். ஒரு டீச்சரால் அத்தனை பிள்ளைகளுக்கும் உடுப்பு மாட்டிவிட முடியாது, பிள்ளைகளே மாட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பையனுக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. பையன் முதலில் கையுறையைப் போட்டுக்கொண்டுவிடுவான். அதற்கப்புறம் ஜிப்பை இழுக்க வராது, உட்கார்ந்து அழுவான், மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்விடுவார்கள்.

என்னோடு மேஜையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா எழுந்து வந்தார். நூலகத்துக் கம்பளத்தின் மேல் பையனின் உடுப்பை எல்லாம் வரிசையாகப் பரப்பினார். முதலில் பனிக்கான கால்சட்டை, அப்புறம் பூட்ஸ், அப்புறம் ஜாக்கெட், தொப்பி, கடைசியில்தான் கையுறை. ஜாக்கெட்டைத் தரையில் தலைகீழாகப் போட்டு, கழுத்துப் பக்கம் பையன் நிற்க, இரண்டு கையையும் உள்ளே விட்டு, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூன்று தடவை செய்ததும் பையனுக்கு வந்துவிட்டது, சிரித்துவிட்டான். அம்மாவிடம் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பயப்படாதேங்கோ பிள்ளை. முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு கதைப்பம்." அடுத்த வாரம் அந்தப் பெண் வேறொரு வேலையாக வந்தார். பையன் இப்போது கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான் என்றார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், புதிதாக வருகிறவரைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட விஷயம்தான். எந்த அரசாங்கக் கையேட்டிலும் இது இருக்காது. முன்னால் வந்து கஷ்டப்பட்ட ஒருவருக்குத்தான் தெரியும், அவர் எதிரில் இருந்தால்தான் கேட்கத் தோன்றும்.

அந்த அக்கா 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டவர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் கண்டு காப்பாற்றிய கதையை அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். மூடுபனியில், எந்த நாட்டுக் கடல் என்றுகூடத் தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். அந்தப் புதிய நாட்டில் அவர்கள் முதலில் பார்த்த முகம் ஒரு மீனவருடைய முகம். மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டு, மற்றப் படகுகளையும் கூப்பிட்டு, அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். கனடாத் தமிழர்கள் அந்த மீனவர்களை இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். முதலில் எதிர்ப்படுகிறவர் யார் என்பது ஒருவருடைய வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அவர்கள்தான்.

2015 டிசம்பரில் சிரியா நாட்டு அகதிகளை ஏற்றிய அரசு விமானம் டொரன்டோவில் வந்து இறங்கியது. பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவே விமான நிலையத்துக்குப் போய்க் குளிர் கோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். 2016 பிப்ரவரி முடிவதற்குள் 25,000 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் கோட்டுகளும் பூட்ஸுகளும் குவிந்து கிடந்தன. கொண்டுவந்து போட்டவர்களில் நம் தமிழ் ஜனங்கள் நிறையப் பேர். ஒரு காலத்தில் வெறுங்கையோடு வந்தவர்கள், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன கோட்டுகளைத் துவைத்து, மடித்து, பையில் அளவு எழுதி ஒட்டிக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அரபி தெரியாது. அளவு பார்த்துக் கொடுக்க அரபி தேவைப்படவில்லை. வாடகை ஒப்பந்தம் படித்துச் சொல்லத் தேவைப்பட்டது, அதற்கு அரபி தெரிந்த தன்னார்வலர்கள் வந்தார்கள்.

வாடகை என்றதும் ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்ன பேஸ்மென்ட் அறைக்கு முன்பணம் அனுப்பிவிட்டான். பெட்டியோடு போய்க் கதவைத் தட்டினால், அந்த வீட்டில் வாடகைக்கு அறையே இல்லை. வீட்டுக்காரர் நல்லவர், உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்து, நூலகத்துக்கு வழி சொன்னார். அவன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது. நல்ல படிப்பாளி, இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஏமாந்தான். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது, ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்பணமாக வாங்கலாம், வீடு சேதமானால் ஈடு என்று தனியாக வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை, 2018 முதல் இதற்கென்று அரசே ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது. இந்த நாலு வாக்கியம் அவனிடம் யாராவது முதலில் சொல்லியிருந்தால் போதும். அவனிடம் முதலில் பேசியவர் மோசடிக்காரர், நாங்கள் இரண்டாவதாகப் பேசினோம். என்னுடைய கவலை முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

மேஜைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் பணமோ பரிசோ வாங்கக் கூடாது. ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்தாலும் எல்லாருக்கும் திறந்து வைத்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்த்த கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நம் பக்கம் ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது. படிவத்தில் அவருக்காக நாம் கையெழுத்துப் போடக் கூடாது. விசா விஷயத்தில் யோசனை சொல்ல உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்ப வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. அங்கே கேட்ட குடும்பக் கதை எதையும் வெளியே பேசக் கூடாது. இவ்வளவு கறாராக இருந்ததால்தான் அந்த மேஜையை ஜனங்கள் நம்பினார்கள்.

சரி, சென்னைக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவரை வழியனுப்ப ஒரு மாலை சென்ட்ரலுக்குப் போயிருந்தேன். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வங்காளத்திலிருந்து ஒருநாளுக்கு மேல் பயணம், முன்பதிவில்லாத பெட்டியில் வந்தவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முகப்பில் ஐந்து பையன்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிய போன் நம்பர். அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஹிந்தியில் விசாரித்தேன். மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வருகிறோம், கட்டட வேலை, கூட்டிப்போக ஆள் வருவார் என்றார்கள். எந்த ஊரில் வேலை? தெரியாது. கூலி எவ்வளவு? அதுவும் தெரியாது. அதிலே மூத்தவனுக்கு இருபது வயது இருக்கலாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். வழியில் வாங்கிய பிஸ்கட்டை எடுத்துக் காட்டினான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். இவர்கள் எதிர்பார்த்த ஆள் இல்லை, அவர் அனுப்பிய ஆளாம். பேர்கூடச் சொல்லவில்லை. ஐந்து பேருடைய ஆதார் அட்டையையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அட்டையை ஏன் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். கேட் பாஸ் போட வேண்டும் என்றார். நகல் போதுமே என்றேன், பதிலில்லை. பையன்களிடம் ஆதார் எண்ணைப் போனில் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணைச் சொன்னேன், வேலையிடத்தின் பேரைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்து சொல்லச் சொன்னேன். அதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல மேஸ்திரிகளும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் சென்னைக்கு வந்து இறங்கும் பையனிடம் முதலில் பேசுகிறவர் அவனுடைய கூலியில் பங்குள்ள ஆளாகவே இருக்கிறார். அவர் சொன்னதுதான் அவனுக்குச் சென்னை, அவர் சொன்னதுதான் கூலி, அவர் சொன்னதுதான் சட்டம்.

அந்த இடத்தில் ஒரு மேஜை இருந்தால் என்ன சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், மளமளவென்று வந்தது. அம்பத்தூர் போக வேண்டுமா, பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயில். தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டுமா, சாலைக்கு அந்தப் பக்கம் பார்க் ஸ்டேஷன். ஆட்டோவுக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. அம்மா உணவகத்தில் காலையில் இட்லி ஒரு ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் உங்கள் ஊர் ரேஷன் கார்டின் மேல் இங்கேயும் தானியம் வாங்கலாம், கார்டு எண்ணை ஊரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அசலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள், பிடித்தால் வைத்தியம் இலவசம். இந்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு. குடும்பத்தோடு வந்திருந்தால், பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், கைக்குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது. தனியாக ஒரு சிறுவன் வந்து நின்றால் உடனே 1098. ஆம்புலன்ஸுக்கு 108. இவ்வளவையும் வங்காளியில், ஹிந்தியில், ஒடியாவில், அசாமியில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். படிக்கத் தெரிந்தவருக்கு அவர் பாஷையில் ஒரு துண்டுத்தாள், தெரியாதவருக்கு வாயால்.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இதில் அடக்கம். திருநெல்வேலியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வேலை தேடி எழும்பூரிலும் கிளாம்பாக்கத்திலும் விடிகாலையில் இறங்கும் பெண்பிள்ளைகளுக்கு, அரசின் தோழி விடுதி இருக்கிறது என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். ஆனால் அவர்களுக்குப் பேசப் பாஷை இருக்கிறது. அதனால் சென்ட்ரலில் ஆரம்பிக்கலாம் என்கிறேன்.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும், எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்காரர் சொன்னார். "நம்ம பசங்களுக்கே வேலை இல்ல. இவங்களுக்கு ஆரத்தி எடுக்கணுமா?" கோபத்தில் சொன்னதில்லை, அவருடைய மகன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். கனடாவிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன், அங்கே நம்மைப் பற்றி. வெளிநாட்டு மாணவர்கள் வந்து வாடகை ஏறிவிட்டது என்று பேச்சு வலுத்து, 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு அந்த அரசே உச்சவரம்பு வைத்துவிட்டது. எத்தனை பேர் வரலாம் என்பதை அரசாங்கங்களும் கம்பெனிகளும் முடிவு செய்யட்டும். மேஜை போடுவதால் ஒருவர்கூட அதிகமாக ரயிலேறப் போவதில்லை, வருகிறவர்கள் எப்படியும் வருகிறார்கள். நம் பையனுடைய கூலியைக் குறைக்கப் பயன்படுவது, இங்கே கூலி எவ்வளவு என்று தெரியாத பையன்தான். அவனுக்கு அது தெரிந்துவிட்டால், நான் இவ்வளவுக்குக் கீழே வரமாட்டேன் என்று அவனும் சொல்லுவான். அந்த மகனுக்கும் அது நல்லது. இதை அந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றார்.

2023 மார்ச்சில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கேயோ நடந்த வேறு சம்பவங்களை எடுத்து ஒட்டியிருந்தார்கள். பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள், பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, இரண்டு அரசுகளும் மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது நிஜமா என்று கேட்க, இந்த ஊரில் அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்த ஒரு தமிழ் முகம் இருந்திருந்தால் அந்தப் பொய் அவ்வளவு தூரம் போயிருக்காது. முதல் நாளில் வழி சொன்னவரை ஜனங்கள் மறப்பதில்லை. ஸ்கார்பரோவில் காய்கறிக் கடையில் என்னைக் கண்டால் வண்டியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஏதாவது வதந்தி கேட்டால் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள்.

யார் உட்காருவது என்று கேட்பீர்கள். ஒன்டாரியோவில் பள்ளி இறுதிச் சான்றிதழ் வாங்க ஒவ்வொரு மாணவரும் 40 மணி நேரம் சமூக வேலை செய்தாக வேண்டும். எங்கள் மேஜைக்கு வந்து நகல் எடுப்பது, பஸ் வழி பார்த்துச் சொல்வது எல்லாம் அந்தப் பிள்ளைகள்தான். நம்மிடம் அதைவிடப் பெரிய ஏற்பாடு இருக்கிறது. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் கொஞ்சம் இங்கே வரட்டும். அப்புறம் எங்களைப் போன்றவர்கள். வங்கியிலும் ரயில்வேயிலும் தபாலிலும் ராணுவத்திலும் வேலை பார்த்து, கல்கத்தாவிலும் கட்டாக்கிலும் கௌஹாத்தியிலும் காலம் கழித்து, ஓய்வு பெற்று நங்கநல்லூரிலும் அம்பத்தூரிலும் குரோம்பேட்டையிலும் உட்கார்ந்திருக்கிறோம். அந்த பாஷைகள் எல்லாம் வீணாகக் கிடக்கின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்த சௌகார்பேட்டைக்காரர்கள் ஹிந்தியும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார்கள், அவர்கள் இருப்பது சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம்.

முடியாத காரியம் என்று ரயில்வே சொல்ல முடியாது. 2023 ஜூன் 2ஆம் தேதி பாலசோர் பக்கத்தில் இதே கோரமண்டல் விபத்துக்குள்ளானபோது சென்ட்ரலில் உதவி மையம் திறந்தார்கள். மனிதர்கள் உட்கார்ந்தார்கள், போன் வைத்தார்கள், தகவல் சொன்னார்கள். விபத்தில் செய்ய முடிந்ததை மற்ற நாட்களிலும் செய்யலாம். வந்தவருக்கு இடம் கொடுப்பது இந்தப் பேட்டைக்கு ஒன்றும் புதிதில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கென்றே சர் சவலை ராமசாமி முதலியார் சென்ட்ரல் பக்கத்திலேயே சத்திரம் கட்டி வைத்த ஊர் இது.

தெற்கு ரயில்வேயையும், மாநகராட்சியையும், தொழிலாளர் துறையையும் உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். மூவரும் சேர்ந்து ஒரு அனுமதிக் கடிதம் கொடுத்தால் போதும், பணம் கேட்கவில்லை. உட்காருகிறவர்களைப் போலீஸ் சரிபார்த்து, அடையாள அட்டை கொடுத்து, மேலே சொன்ன கட்டுப்பாடுகளைப் போட்டு விடட்டும். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தையோடு வருகிற பெண், ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு வரமாட்டாள். முதலில் கோரமண்டல் வரும் மாலை நேரத்தில் மட்டும் நடத்திப் பார்க்கலாம். நங்கநல்லூரிலிருந்து நானும், ஹிந்தி தெரிந்த என் பழைய டெலிபோன் சிநேகிதிகள் மூன்று பேரும் வரத் தயார். வங்காளி பேசுகிற ஒருவர் குரோம்பேட்டையில் இருக்கிறார், அவரும் சரி என்று சொல்லிவிட்டார். மேஜையை முன்பதிவு அலுவலகப் பக்கம் போட வேண்டாம், முன்பதிவில்லாத பெட்டியில் வருகிறவர்கள் அங்கே தலைகாட்ட மாட்டார்கள். பிளாட்பாரத்திலிருந்து வெளியே வந்ததும், வேன்காரர்கள் வந்து நிற்கும் இடத்துக்கு முன்னாலேயே போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை - 61